செத்த பேப்பருக்கு நாங்கள் ஏன் பறையடிக்க வேண்டும்?

உள்ளூர்ப் பத்திரிகைகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று கொஞ்ச காலமாக ஒரே ஒப்பாரி. அரங்கம் பிடித்து, பேனர் கட்டி, டீ பிஸ்கட் கொடுத்து அழுகிறார்கள். நாலாவது தூண் சாய்கிறதாம், ஜனநாயகம் ஒரு பக்கமாய்க் குந்திக்கொண்டதாம். அழட்டும். எழவு வீட்டில் அழுகிறவனைத் தடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஆனால் இந்தச் சாவுக்கும் பறையடிக்க எங்களையே கூப்பிடுகிறார்கள். 'தலித் இயக்கங்களும் குரல் கொடுக்க வேண்டும்' என்று அழைப்பிதழில் ஒரு வரி. அதனால் கேட்கிறேன். செத்தது யார்? எங்களுக்கு என்ன முறை? உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் தெருவுக்குள் என்றைக்காவது கால் வைத்ததா?

நான் ஆர்.கே.பேட்டைக்காரன். ராமகிருஷ்ணராஜுபேட்டை என்று முழுசாகச் சொன்னால் பஸ் கண்டக்டர் முழிப்பார். 1960 ஏப்ரல் 1-ல் எல்லை மாற்றினபோது சித்தூர் ஜில்லாவிலிருந்து இந்தப் பக்கம் வந்து விழுந்த பகுதி. 1997-லிருந்து திருவள்ளூர் மாவட்டம். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, ரோட்டில் தமிழ். பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் பகல் ராத்திரி விசைத்தறிச் சத்தம். எங்களுக்கென்று தனியாக எந்தக் காலத்திலும் பேப்பர் கிடையாது. சென்னையில் அச்சாகிற தாளில் மாவட்டத்துக்கென்று ஒரு பக்கம். அதில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருத்தணி எல்லாம் போக எங்கள் தாலுகாவுக்கு உள்ளங்கை அகலம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். மிஞ்சின அந்த உள்ளங்கையிலும் ஊர்த் தெருவுக்குத்தான் ரேகை ஓடும்.

என்ன வரும்? கும்பாபிஷேகம் வரும். தனியார் பள்ளி ஆண்டு விழா வரும். ஒன்றியச் செயலாளர் சால்வை வாங்கினது வரும், போர்த்தினது மறுநாள் வரும். நாங்கள் எப்போது வருவோம் என்றால் அடிபட்டால் வருவோம், செத்தால் வருவோம், அதுவும் ஒரு காலத்துக்கு நாலு வரி. அந்த நாலு வரியின் தமிழைக் கொஞ்சம் பாருங்கள். எம்.ஏ. தமிழ் படித்த பாவத்துக்கு எனக்கு எழுவாய் தேடுகிற வியாதி உண்டு.

'இரு தரப்பினர் மோதல்.' 'கோஷ்டித் தகராறு.' 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.' 'வாலிபர் தாக்கப்பட்டார்.' தாக்கப்பட்டார், சரி. யாரால்? செயப்பாட்டு வினை எழுதினால் 'ஆல்' உருபு எங்கேயாவது வந்தாக வேண்டும். இந்தப் பேப்பர்களில் மூன்றாம் வேற்றுமைக்குத் தடை உத்தரவு போட்டிருக்கிறார்கள். அடித்தவனுக்குப் பேர் இல்லை, ஊர் இல்லை, சாதி இல்லை, அப்பன் பேர்கூட இல்லை. அடிபட்டவனுக்கு மட்டும் 'காலனி' என்று முகவரி. (அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாகச் சட்டமன்றத்தில் 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். நிருபர்களின் நாக்கிலிருந்து எடுக்க எந்த மன்றம் கூட வேண்டுமோ.) மோதல் என்றால் இரண்டு பேரும் ஓடிவந்து முட்டிக்கொள்ள வேண்டும். படுத்திருக்கிறவன் மேல் லாரி ஏறினால் அதை மோதல் என்றா எழுதுவீர்கள்? தூங்கிக்கொண்டிருந்த தெருவுக்குள் நாற்பது பேர் கட்டையோடு வந்தால் அது மட்டும் எப்படி 'இரு தரப்பு' ஆகிறது? இதை நடுநிலை என்கிறார்கள். சாதி பார்க்காமல் எழுதுகிறோம் என்கிறார்கள். அடித்தவனின் சாதியைப் பார்க்காமல் எழுதுவதுதான் இவர்கள் சொல்லும் சாதி பார்க்காமை.

நிருபர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. தாலுகா நிருபரின் பிழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நடத்த வைப்பது விளம்பரக் கமிஷன். பொங்கலுக்கு இத்தனை, தீபாவளிக்கு இத்தனை, தலைவர் பிறந்தநாளுக்கு இத்தனை என்று டார்கெட் வரும். அந்த விளம்பரத்தை யார் கொடுப்பார்? ரைஸ் மில்காரர், கல்யாண மண்டபக்காரர், ரியல் எஸ்டேட்காரர், ஸ்கூல் தாளாளர், ஊராட்சியை ஏலம் எடுத்தது போல நடத்துகிற முன்னாள் தலைவர். சேரியில் கல்யாண மண்டபம் இருக்கா? ரைஸ் மில் இருக்கா? கால் பக்கம் வாழ்த்து கொடுக்க எங்களில் யாருக்கு வக்கு இருக்கு? ஆக, நிருபருக்குச் சோறு போடுகிறவனும் எங்களை அடிக்கிறவனும் பல நேரம் ஒரே ஆள், இல்லை அவன் பங்காளி. செய்தி எழுதினால் தீபாவளிக்கு அடுப்பு எரியாது. இதில் தனி மனுசனின் நல்ல குணத்துக்கு என்ன வேலை?

எல்லைக்கு அந்தப் பக்கம் 'ஈநாடு' 1989-ல் மாவட்டத்துக்கு மாவட்டம் தனி இணைப்பு போட ஆரம்பித்தது. உள்ளூர்ச் செய்தி, உள்ளூர் நிருபர், உள்ளூர் விளம்பரம். பத்திரிகை வியாபாரத்தில் அது பெரிய புரட்சி என்று ஆராய்ச்சிப் புத்தகங்கள் எழுதினார்கள். வியாபாரம் பெருத்தது உண்மை. உள்ளூர் என்று சொன்னதும் ஊர்தான் உள்ளே வந்தது. சேரி அப்போதும் வெளியூர்தான்.

தாலுகா கதையே இப்படி என்றால் தலைநகரம் எப்படி இருக்கும்? 1996-ல் பி.என்.உனியால் என்கிற பத்திரிகையாளர் டில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிளம்பினார். அவராகத் தேடவில்லை, வெளிநாட்டு நிருபர் ஒருவர் கேட்டதால் தேடினார். முப்பது வருஷம் தொழிலில் இருந்தும் அதுவரை அந்தக் கேள்வி அவருக்கே வரவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலைப் புரட்டினார். 454 பேருக்குப் பேரோடு சாதி ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் தலித் ஒருத்தரும் இல்லை. மீதியில் போன் போட்டுக் கேட்டும் ஒருத்தரும் கிடைக்கவில்லை. 23 வருஷம் கழித்து, 2019-ல், ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து எண்ணிப் பார்த்தார்கள். செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121. அதில் 106 உயர்சாதியார் கையில். தலித், பழங்குடி பூஜ்யம். இந்த வீட்டு இழவுக்குத்தான் எங்களுக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

அப்படியானால் செத்தது நல்லதுதானே என்று கேட்பீர்கள். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு, பட்டா, புருஷனின் சாவுச் சான்றிதழ், இவற்றோடு மஞ்சளாய்ப் போன ஒரு துண்டுக் காகிதத்தையும் பிளாஸ்டிக் கவரில் வைத்திருக்கிறார். அதே ஒரு காலம், அதே நாலு வரி. 'தகராறு: 3 பேர் கைது.' அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் புருஷன் பேர் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவார். "பேப்பர்ல வந்துச்சுடா. அதுக்கப்புறந்தான் போலீசு எழுதிச்சு" என்பார். அவர் சொல்வது சட்டப் புத்தகத்தில் இல்லாத நடைமுறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் வந்தது. புகார் வாங்காமல் திருப்பி அனுப்புவது அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. ஸ்டேஷனில் எழுத மறுத்தது பேப்பரில் வந்துவிட்டால் டி.எஸ்.பி. போன் போடுவார், ஆர்.டி.ஓ. ஜீப் வரும். மனித உரிமை ஆணையம் செய்தியைப் பார்த்துத் தானாகவே நோட்டீஸ் அனுப்பியதும் உண்டு. கோணல்மாணலான அந்த நாலு வரிக்கும் ஒரு பலம் இருந்தது. அது எங்களைப் பற்றிய பேப்பர் இல்லைதான். அதிகாரிகள் படித்த பேப்பர்.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவர் அமிர்தம், தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி எடுக்கப் போன நிருபரையும் தடுத்தார்கள். அதையும் மீறிச் செய்தி வெளியே வந்தது. ஆகஸ்ட் 20-ல் மாவட்ட ஆட்சியரே நேரில் வந்து அமிர்தத்தின் கையால் கொடியேற்ற வைத்தார். ஐந்தே நாள். அதே கும்மிடிப்பூண்டிப் பக்கம் தோக்கமூரில் திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டி எழுந்த தீண்டாமைச் சுவர் வருஷக்கணக்கில் நின்றது. மனு கொடுத்து, போராடி, பேசிப் பேசி, 2022 அக்டோபரில்தான் இடித்தார்கள். ஐந்து நாளுக்கும் பல வருஷத்துக்கும் நடுவே செய்தி ஒன்றுதான் வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கொடி என்றால் டில்லிக்குக் கேட்கும். மாடு போகிற வழி அடைபட்டது என்றால் திருத்தணிக்கே கேட்காது. எங்கள் வாழ்க்கையில் கொடிகள் வருஷத்துக்கு இரண்டு நாள், மாடு போகிற வழி முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

தேர்வாய் கண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழ்கிற ஊர். ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தார்கள். 2009-ல் மிஷ்லின் டயர் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது. நான் அப்போது கல்லூரியில். நூலகத்தில் படித்த தலைப்பு எல்லாம் '4,000 கோடி முதலீடு'. ஆடு மாடு மேய்ந்த காடு, ஏரிக்குத் தண்ணி வந்த வாய்க்கால், வேலி போட்ட அன்றைக்கு ஜனங்கள் மறித்து நின்றது, இதெல்லாம் பிறகு இயக்கத் தோழர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே மாவட்டம். பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். அங்கே இருக்கிற சேரிக்கு நடந்தது இங்கே இருக்கிற சேரிக்குத் தெரிய நடுவில் ஒரு தாள் இல்லை.

இனி என் அனுபவம். 2021-ல் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் சேரிப் பிணம் போகிற பாதையில் முள்வேலி போட்டார்கள். ஊர்ப் பேரை எழுதவில்லை, வழக்கு நடக்கிறது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணியில் ஏரி உள்வாய் வழியாகப் போனார்கள். இறந்தவர் எண்பது வயது கிழவி. நடுத் தண்ணியில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தபோது பேரப்பிள்ளைகள் கை கொடுத்து நிமிர்த்தினார்கள். நான் போனில் படம் எடுத்தேன். ஒரு நாளிதழின் பகுதி நிருபரிடம் கொண்டுபோனேன். பழக்கமானவர், நல்லவர்தான். படத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். அப்புறம், "தம்பி, வேலி போட்டது யாருன்னு உனக்கே தெரியும். வருஷப் பொறப்புக்கு அரைப் பக்கம் அவருதான் கொடுத்தாரு. போட்டா என்னை மாத்திடுவாங்கப்பா" என்றார். செய்தி வரவில்லை.

சரி, பேப்பர் பழைய காலம், புதுசு இருக்கிறதே என்றார்கள். அந்தக் காலத்தில் தாலுகாச் செய்திக்கென்றே செல்போன் செயலிகள் முளைத்திருந்தன. 'உங்கள் ஊர், உங்கள் செய்தி' என்கிற மாதிரி விளம்பரம். அப்படி ஒரு கம்பெனிக்கு நானும் செய்தி கொடுத்துக்கொண்டிருந்தேன். பேர் எதுக்கு. செய்திக்கு இவ்வளவு, வீடியோவுக்குக் கொஞ்சம் கூட. எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற பையன் போனில் பேசுவான். "ப்ரோ, ஆக்சிடெண்ட் போடுங்க. பாம்பு புடிச்சா போடுங்க. தங்கம் வெலை, கோயில் திருவிழா நல்லா போவுது." பாடை வீடியோவை ஏற்றினேன். காலையில் இருந்தது, மத்தியானம் இல்லை. போன் போட்டேன். "ப்ரோ, அது கேஸ்ட் இஷ்யூ. சென்சிட்டிவ். தூக்கிட்டாங்க." யார் தூக்கினாங்க? தூக்கப்பட்டது. இங்கேயும் அதே இலக்கணம். கொஞ்ச மாசத்தில் எங்கள் பக்கம் ஆள் வைத்திருப்பதே கட்டுப்படியாகவில்லை என்று அவர்களே கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். பாக்கியும் போச்சு.

இந்தப் புதுக் கடைகள் ஏன் இப்படிப் பொசுக்கென்று மூடுகின்றன? எங்கள் பக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2005-லிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்தித்தாள்கள் மறைந்துபோயின. அந்த இடத்தைப் பிடிக்க 'பேட்ச்' என்று ஊருக்கு ஒரு இணையச் செய்தித்தளம் கிளம்பியது. நூற்றுக்கணக்கான ஊர்கள். பெரிய கம்பெனி வாங்கிப் பணத்தைக் கொட்டியது. 2014-ல் கைமாறினதும் ஆட்களில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'தி மெஸஞ்சர்' என்று ஒன்று 2023 மே மாதம் வந்தது. கையில் 5 கோடி டாலர், முந்நூறு பேர் வேலைக்கு. 2024 ஜனவரி 31-ல் மூடினார்கள். ஒன்பது மாசம்கூடத் தாங்கவில்லை, பெண்டாட்டி மசக்கை தீர்ந்து பிள்ளை பிறக்கிற காலம்கூட இல்லை.

காரணம் கேட்டால் கூகுளும் பேஸ்புக்கும் விளம்பரத்தைத் தின்றுவிட்டன என்பார்கள். உண்மைதான். வேலைக்கு ஆள் தேவை, வீட்டுமனை, மணமகள் தேவை எல்லாம் போனுக்குள் போய்விட்டது. அச்சுக் காகிதத்துக்கு 2019-ல் 10 சதவீதம் இறக்குமதி வரி போட்டார்கள், அடுத்த வருஷம் பாதியாகக் குறைத்தார்கள், அதற்குள் கொரோனா. எல்லாம் சரி. ஆனால் விளம்பரம் போனால் செய்தி செத்துவிடும் என்றால், அது யாருக்காக உயிரோடு இருந்தது? வாசிக்கிறவனுக்காக இருந்திருந்தால் வாசிக்கிறவன் விட்டிருப்பானா? முதலாளிக்கு வாசகன் என்பவன் எண்ணிக்கை. எண்ணிக்கையைக் காட்டி விளம்பரம் வாங்குவார், முதலீடு வாங்குவார். சேரிக்காரனுக்கு எண்ணிக்கையில்கூட மதிப்பு குறைவு. அவன் கார் வாங்க மாட்டான்.

விளம்பரமே இல்லாமல் பத்திரிகை நடத்துவது எப்படி என்று இவர்கள் இன்றைக்கு மாநாடு போட்டு யோசிக்கிறார்கள். எங்கள் தாத்தாக்களுக்கு அது 19-ஆம் நூற்றாண்டுப் பிரச்சினை.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' தொடங்கினார். நாலு பக்கம், விலை இரண்டு அணா. அதற்கு முந்தின வருஷம்தான் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையை வைத்து நமக்கு நிலம் கொடுக்க அரசு ஆணை போட்டிருந்தது. அந்த நிலம் என்ன ஆச்சு என்று கேட்க ஒரு பத்திரிகை வேண்டாமா? பேரைக் கேட்டே பலருக்கு வயிறு கலங்கியிருக்கும். எதைச் சொல்லித் திட்டினார்களோ அதையே தலைப்பில் போட்டு, காசு கொடுத்து வாங்கு என்றார். ஆரம்பச் செலவு சுமார் 10 ரூபாய் என்றும் இரண்டே நாளில் சென்னையில் 400 பிரதி விற்றது என்றும் அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வழக்கு வந்தது, அபராதம் வந்தது. ஏழு வருஷம் ஓடியது. 5 கோடி டாலர் ஒன்பது மாசம் தாங்கவில்லை. 10 ரூபாய் ஏழு வருஷம் தாங்கியது.

1907 ஜூன் 19-ல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அடுத்த வருஷம் 'தமிழன்' ஆனது. ஒரு பைசா என்று பேரிலேயே விலையை வைத்தார் பாருங்கள், அதுதான் அரசியல். யார் வாங்க வேண்டுமோ அவன் மடியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்த விலை. கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கின கூலிகளும், கடல் தாண்டிப் போன கூலிகளும் வாங்கினார்கள், கூடியிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். 1914-ல் பண்டிதர் மறைந்தார், பத்திரிகை தள்ளாடி நின்றது. 1926-ல் ஜி.அப்பாதுரையார் அதைக் கோலார் தங்கவயலிலிருந்தே மறுபடி எழுப்பினார். வாசகன் இருந்த இடத்துக்குப் பத்திரிகை போய்ச் சேர்ந்தது. 'சூரியோதயம்' வெளிவந்த 1869 தொடங்கி இப்படி எத்தனையோ இதழ்கள். ஜெ.பாலசுப்பிரமணியம் தேடி எடுத்துப் புத்தகமே போட்டிருக்கிறார். தமிழ் இதழியல் வரலாறு என்று எனக்குக் கல்லூரியில் நடத்தின பாடத்தில் இதில் ஒன்றின் பேரும் இல்லை.

அவையும் நின்றுபோயின அல்லவா என்று குறுக்கே கேட்பார்கள். நின்றன. ஏன் நின்றன என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது. சீனிவாசன் கப்பலேறினதும் 'பறையன்' நின்றது. பண்டிதர் கண் மூடினதும் 'தமிழன்' தள்ளாடியது. விளம்பரம் நின்று நிற்கவில்லை. ஒரு ஆளைச் சுற்றிக் கட்டினது அந்த ஆளோடு போனது. இந்த இடத்தை உத்தரப் பிரதேசத்துப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். சித்ரகூட்டில் 2002-ல் 'கபர் லஹரியா' தொடங்கியபோது எழுதினவர்கள் தலித் பெண்கள், பலர் அப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர்கள். அவர்களே எழுதினார்கள், அவர்களே பண்டலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார்கள். அச்சு நின்று போனுக்கு மாறினபோதும் அது சாகவில்லை. ஒரு ஆசிரியர் போனால் இன்னொரு அக்கா இருந்தார். ஆரம்பத்தில் தொண்டு நிறுவனத்தின் கை இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் கை பேனாவைப் பிடிக்கவில்லை.

விற்பனை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பம்பாயில் 1920 ஜனவரி 31-ல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. நூறு வருஷம் கழித்து நாங்கள் ஒரு நாலு பக்கத் தாள் போட்டோம், ஐந்து மாசம். பேப்பர் விலையை அதனால் சமாளிக்க முடிந்தது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கவிட ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க பேப்பரத் தொங்கவுட்டா அவுங்க வந்து பீடி வாங்க மாட்டாங்கப்பா" என்றார் ஒரு கடைக்காரர். கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்குவதற்குக்கூடச் சாதி வேண்டும். பத்திரிகை ஏன் செத்தது என்று ஆராய்கிறவர்கள் அச்சகத்தைப் பார்க்கிறார்கள், இணையத்தைப் பார்க்கிறார்கள். பெட்டிக்கடைக் கயிற்றை யாரும் பார்ப்பதில்லை.

நம்ம ஆட்களையும் சும்மா விடுவதற்கில்லை. வண்டியில் 'பிரஸ்' என்று எழுதிக்கொண்டு, கையில் மைக்கோடு ஆளுக்கொரு யூடியூப் சேனல் வைத்திருக்கிற தம்பிகள் எங்கள் தாலுகாவிலேயே பத்துப் பேர் தேறுவார்கள். ஏப்ரல் 14-ல் மாலை போடுகிறது வரும், டிசம்பர் 6-ல் மாலை போடுகிறது வரும், தலைவர் பேச்சு நாற்பது நிமிஷம் வெட்டாமல் வரும். தேர்தல் வந்தால் எந்தக் கட்சி காசு கொடுத்தாலும் அதுவும் வரும். தம்பிகளே, முள்வேலி எப்போது வரும்? இந்தப் பக்கம் இலக்கியத் தோழர்கள். பின்நவீனத்துவம் பேசுவார்கள், சேரி மொழியில் நாவல் எழுதுவார்கள், விருது வாங்குவார்கள், நான் மகிழ்ச்சியோடு கைதட்டுவேன். ஆனால் தாலுகா ஆபீஸில் பட்டா மனு எத்தனை மாசமாய்த் தூங்குகிறது என்று அரைப் பக்கம் எழுதித் தாருங்கள் என்றால், அது இலக்கியம் இல்லையே என்று முகம் சுளிக்கிறார்கள். அயோத்திதாசர் புத்தரையும் எழுதினார், குடிதண்ணீரையும் எழுதினார். ஒரே தாளில்.

நாங்கள் சிலர் மறுபடி தொடங்குகிறோம். பெரிதாக இல்லை, இரண்டே பக்கம், மாசத்துக்கு ஒன்று. முந்நூறு வீடு கணக்கெடுத்திருக்கிறோம். வீட்டுக்கு 10 ரூபாய், மாசம் 3,000. அதற்குள் அடிக்க முடிந்ததைத்தான் அடிப்போம். 1867-ஆம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதுச் சட்டம் போட்டார்கள், விண்ணப்பம் இணையத்திலேயே போடலாம், கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் நிற்கிற வேலை குறைந்தது. ஆசிரியர் என்று ஒருத்தர் பேர் சட்டத்துக்காக இருக்கும். செய்தியை முடிவு செய்வது தெருவுக்கு ஒருத்தர் என்று ஏழு பேர், அதில் நாலு பேர் பெண்கள், மூன்று பேர் தறிக்குப் போகிறவர்கள். விளம்பரம் வாங்குவதில்லை. கடையில் தொங்கவிடுவதும் இல்லை. சங்கத்துப் பெண்கள் வட்டி வசூலுக்குப் போகிற நாளில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு இரவுப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். ஒரு பிரதி கலெக்டருக்கு, ஒன்று ஆர்.டி.ஓ.வுக்கு, ஒன்று டி.எஸ்.பி.க்கு, விரைவுத் தபாலில். அவர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, ஒப்புகை நம் கையில் இருக்கும்.

சென்னையிலும் வெளியூர்க் கல்லூரிகளிலும் இருக்கிற தோழர்களிடம் கேட்பது காசு இல்லை. நில அளவைப் படம் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். தகவல் உரிமை மனு எழுதிப் பழகினவர் வேண்டும். வழக்கு வராத மாதிரி வரியைப் பார்த்துக் கொடுக்க ஒரு வக்கீல் வேண்டும். பிழை திருத்தம் நான் பார்த்துக்கொள்வேன்.

முதல் தாளில் அந்தப் பிணப்பாதைதான். சர்வே எண் போட்டு, படம் போட்டு, யாரால் அடைக்கப்பட்டது என்று வேற்றுமை உருபோடு எழுதியாகிவிட்டது. ஏழு பேர் உட்கார்ந்து மூன்று தடவை படித்துவிட்டார்கள். அந்தக் கிழவியின் பேரைப் போடலாமா என்று அவர் மகளிடம் கேட்கப் போயிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.